ஆளுக்குப் பாதி பைப்

“அந்த வெளக்கெண்ணப் பாட்டலச் சித்தெ எடுங்க மச்சான்” என்றான் சென்னிமலை. காரின் திறந்த பானெட்டுக்குள் இடுப்புவரை கவிழ்ந்து கிடந்தவன் தலையைத் திருப்பவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டினான். பாட்டில் தங்கமுத்துவுக்கு ஒரு சாண் தள்ளிப் பட்டறை மேசைமேல் இருந்தது. எண்ணெய் வேண்டாம் மாப்பிள்ளை என்று மூன்றே சொல் சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவனைப் போல ஷெட்டைவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டான்.

சென்னிமலை யாரோ எவனோ இல்லை. தங்கமுத்துவின் கூடப்பிறந்த தங்கை சௌந்திரத்தின் புருஷன். இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷம் ஒரே ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர்கள். பாறையைக் குடையும்போது குழியிலிருந்து பீறிட்டு வரும் வெள்ளைப் புழுதியைச் சோற்றோடும் தின்றார்கள், தூக்கத்திலும் தின்றார்கள். நாமக்கல் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார்: இன்னொரு சீசன் ரிக்கோடு போனால் திரும்பி வருவது சந்தேகம். ஆனாலும் சென்னிமலையின் நெஞ்சு இன்னும் மோசம். எருமப்பட்டி ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ரிக்குகள் நிற்கிற யார்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான். யாராவது பார்த்தால் செருப்பில் கல் மாட்டிக்கொண்டதாகக் குனிவான்.

யார்டு முதலாளி வேலுமணிக்கு அந்த எண்பத்தைந்தாம் வருஷம் பொங்கலுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, வெளி மாநிலங்களில் ஏழு ரிக், இத்தனையும் போதாமல் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து சிவப்பு நிறத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற குட்டி வெளிநாட்டுக் கார் ஒன்றை ஓட்டிவந்து நிறுத்தினான். பிப்ரவரியில் சோழவரம் ரேசில் விட வேண்டுமாம். மெட்ராஸ் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டர்போவும் வந்திறங்கியது. புகை போகிற வேகத்தில் சுற்றி, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கிற உருண்டை அது. அழுத்தின காற்று கொதிக்கும். கொதிக்கிற காற்றை ஆறவைக்க ரேடியேட்டர் மாதிரி ஒரு இன்டர்கூலர் வேண்டும். ரிக் கம்ப்ரசரிலும் அது உண்டு என்பதால் இவர்களுக்கு அதெல்லாம் புதிதில்லை. ஆனால் ரிக் என்பது லாரி. இந்தக் காரிலோ ஒரு கையை விட்டால் எடுக்க இடம் கிடையாது. டர்போ ஒரு மூலையில், கூலர் முன்னால் கிரில்லுக்குப் பின்னே, காற்று உள்ளே போகிற வாய் இன்னொரு மூலையில். இதற்குள் பைப்பை வளைத்து ஓட்ட வேண்டும்.

அந்த வேலையைத்தான் வேலுமணி விளையாட்டாக்கினான். சேலத்திலிருந்து வந்திருந்த சிநேகிதர்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் கூப்பிட்டான்.

“ஷெட்டுக்கு ஒரு ஃபிட்டர் போதும். இன்னொருத்தன் திங்கக்கெழம மத்தியப்பிரதேசம் போற வண்டில ஏறோணும். ரெண்டு பேரும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னா நான் ஆரத்தான் வண்டில ஏத்தித் தாட்டி உடறது? டர்போல இருந்து கூலர் வரைக்கும் தங்கமுத்து. கூலர்ல இருந்து இஞ்சின் வரைக்கும் சென்னிமலை. எவன் பைப்பு புடுங்கிக்குதோ, அவன் ரிக்குக்கு. என்னப்பா, நாயந்தான?”

சிநேகிதர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கிறாரே என்று இவர்கள் இரண்டு பேரும்கூட இளித்து வைத்தார்கள். அந்த இளிப்பை நினைத்தால்தான் தங்கமுத்துவுக்கு வயிறு எரியும்.

இரும்பு பைப்பில் மணலை அடைத்து, இரண்டு முனையையும் கட்டைவைத்து மூடி, பழுக்கக் காய்ச்சி வளைத்தார்கள். தங்கமுத்துவின் பாதி, புகைக் குழாயை ஒட்டி இறங்கி, சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நுழைந்து முன்னால் போனது. சென்னிமலையின் பாதி ஃபேனுக்கு மேலே ஏறி, பேட்டரியைச் சுற்றி வந்தது. எது யாருடையது என்று பாராமல் ஒருவருக்கொருவர் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். தங்கமுத்துவின் பைப் சக்கரத்தில் உரசுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவனே சென்னிமலைதான். இருமிக்கொண்டே தரையில் படுத்து அடியிலிருந்து பார்த்துச் சொன்னான்.

புதன்கிழமை மத்தியானம் சென்னிமலை சாப்பிடப் போயிருந்தான். பைப்பையும் கூலரையும் இணைக்கிற ரப்பர் ஹோஸை மாட்டி, கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம் என்று தங்கமுத்து நினைத்தான். ரிக்கில் கை பழகியவன் ரப்பர் ஹோஸை வெறுமனே மாட்டவே மாட்டான். விளக்கெண்ணெய் தடவினால்தான் சுலபமாக ஏறும். ரிக் ஹோஸுக்கு வெளியே பல் வைத்த இரும்புப் பூட்டு கவ்விப் பிடித்திருக்கும். எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் அங்கே ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தடவினான். காற்றைத் திறந்ததும் இறுக்குகிற கிளாம்புப் பட்டை போட்டபடியே ஹோஸ் வழுக்கி வெளியே வந்துவிட்டது, கன்றுக்குட்டி கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொள்கிற மாதிரி. வினை எண்ணெய்தான் என்று தங்கமுத்துவுக்குப் பிடிபட்டது. பிறகு பெட்ரோலில் துடைத்தான். பைப் முனையைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் வெல்டிங் வைத்து, எண்ணெய் இல்லாமல் வறட்டு ஹோஸை அடித்து ஏற்றினான். கம்ப்ரசரை முழுசாகத் திறந்தும் அசையவில்லை. சந்தோஷம் பொங்கியது. மாப்பிள்ளை வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான், சத்தியமாக. சென்னிமலை வந்தான், உட்கார்ந்தான், இருமினான். ராத்திரி சொல்லலாம் என்று தள்ளினான். வியாழன் போனது, வெள்ளி போனது. ஞாயிற்றுக்கிழமை, பாட்டிலை எடுத்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் ரிக் வண்டி சாமான் ஏற்றிக்கொண்டு கேட்டில் உறுமி நின்றது. இரண்டு பேருமே துணிப்பையோடு வர வேண்டும் என்பது வேலுமணியின் உத்தரவு. இரண்டு பையும் ரிக்கின் படிமேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வேலுமணி காரில் ஏறி ரோட்டுக்கு விட்டான். முதல் கியர், இரண்டாம் கியர். டர்போ சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தது. தூரத்துப் புளியமரத்தைத் தாண்டும்போது டப்பென்று ஒரு சத்தம். கரும்புகை கிளம்பியது. கார் விக்கிக்கொண்டு திரும்பி வந்தது. வேலுமணி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தான்.

“ஆரு பைப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஏப்பா சென்னிமலை, நீயே தெறந்து பாரு.”

சென்னிமலை திறந்தான். ஃபேனுக்கு மேலே அவனுடைய ஹோஸ் எண்ணெய் மினுமினுக்க வாயைப் பிளந்து கிடந்தது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தான்.

“நல்லாத்தானுங்க மாட்டினேன் மொதலாளி.”

“நல்லா மாட்டுனதாட்டத்தான் தெரியுது” என்றான் வேலுமணி. அன்றைக்கும் வந்திருந்த சிநேகிதர்களில் ஒருவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. “பைய எடுத்துக்க. வண்டி நிக்குதுல்ல?”

தங்கமுத்து கூடவே நடந்தான். இப்போதாவது சொல்லிவிடலாம், முதலாளி காலில் விழுந்து நானே போகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தான். கால் மட்டும் நடந்தது. சென்னிமலை படியில் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

“உங்க பக்கத்துக் கிளாம்பு ஒண்ணு காத்தால லூசா இருந்துச்சுங்க மச்சான். நீங்க டீக்குப் போயிருந்தீங்க. நாந்தேன் முடுக்கி உட்டேன்” என்றான். “இல்லீன்னா ரெண்டுமே புடுங்கியிருக்கும். புள்ளைகளப் பாத்துக்குங்க.”

வண்டி கிளம்பிவிட்டது. அடப்பாவி, அடப்பாவி என்று தங்கமுத்துவுக்குள்ளே ஒரு குரல் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அது சென்னிமலையைத் திட்டுகிறதா தன்னைத் திட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

“அந்தப் பாதியும் நீயே போட்டுரு தங்கமுத்து” என்று வேலுமணி ஷெட்டிலிருந்து கத்தினான். போட்டான். பெட்ரோலில் துடைத்தான், வளையம் வைத்தான், வறட்டு ஹோஸை ஏற்றினான். கடைசிக் கிளாம்பை முடுக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சௌந்திரம். கையில் கம்பளிச் சட்டை.

“வண்டி போயிருச்சுங்ளாண்ணா? இத ஊட்டுலயே உட்டுட்டு வந்துட்டாரு உங்க மாப்பள. அங்கெல்லாம் குளுரு எலும்புல ஏறுமாமா” என்றாள். பஸ் இறங்கி ஓடிவந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. திறந்திருந்த பானெட்டையும் புருஷன் இல்லாத ஷெட்டையும் பார்த்தாள்; கழன்றது யாருடைய பைப் என்று புரிந்துவிட்டது. “எப்பிடிங்ண்ணா கழண்டுது? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?”

“தெரீலியே சாமி” என்றான் தங்கமுத்து.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போச்சாது, உடுங்ண்ணா. நீங்களாச்சும் ஊட்டோட இருக்கீங்களே” என்றாள். அண்ணனைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

வேலுமணி சாவியைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். “கழலுதா பாரு, கையை வச்சுப் பாரு” என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டான். டர்போவின் சீழ்க்கை ஏறியது. ஷெட்டுத் தரையின் புழுதி கிளம்ப, சௌந்திரம் கம்பளிச் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். தங்கமுத்து, சென்னிமலை வளைத்த பைப்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். அது ஜில்லென்று இருந்தது. உள்ளே காற்று எங்கேயும் நிற்காமல், எங்கேயும் தடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது.