லைட்டுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சூடான காது, ஞாயிற்றுக்கிழமை வரை ஆறவில்லை.

இரண்டாயிரத்து ஆறு அது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். பகல் முழுக்க மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு, பொழுது சாயும்போது வெளியே வந்து, சிறுமலை அடிவாரத்தில் கல்லும் பாறையுமான கரட்டில் சைக்கிள் மிதிப்பேன். கியரும் பட்டை டயரும் உள்ள மலை சைக்கிள், பழசாக வாங்கியது. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அந்த ஞாயிறு கொடைரோடு பக்கம் ஒரு கரட்டில் நடக்க இருந்தது. இருபத்துமூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். அதனால் எனக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிறுதான்.

"பொட்டப்புள்ள இருட்டுல எதுக்குக் கரட்டுக்குப் போகுது?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர் கிடையாது. பகலில் என்னை விடாத கடைக்காரரை மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நான் ஊர் வாயை விட்டுவிட்டு நல்ல லைட்டாகத் தேடினேன்.

முதலில் டைனமோ போட்டேன். அது மிதிக்கிற வேகத்துக்குத்தான் எரியும். பாறையில் தட்டுத்தடுமாறி ஏறும்போது, எப்போது வெளிச்சம் அதிகம் வேண்டுமோ அப்போது பார்த்து மங்கிவிடும். சில சொந்தக்காரர்கள் இப்படித்தான். கழற்றி எறிந்தேன். அடுத்து மூன்று பேட்டரிக் கட்டை போடும் டார்ச்சை டியூப் ரப்பரால் ஹேண்டில்பாரில் கட்டினேன். குலுங்கும்போதெல்லாம் உள்ளே கட்டை ஆடி அணைந்து அணைந்து எரிந்தது. கடைசியில் ஹேண்டில்பாரில் ஒரு மொபெட் லைட்டை மாட்டி, அதற்கு ஒரு சின்ன பேட்டரியை சீட்டுக்குக் கீழே கட்டினேன். ஹெல்மெட்டுக்கு மேல், ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கட்டுகிற நெற்றி டார்ச்.

"ஒன்னு பத்தாதா?" என்று அப்பா கேட்டார்.

பத்தாது. நெற்றி டார்ச் தலை திரும்பும் பக்கம் திரும்பி, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டும். ஆனால் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மேடும் பள்ளமும் மெழுகிவிட்ட தரை மாதிரி ஒன்றாகத் தெரியும். கீழே ஹேண்டில்பாரிலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில்தான் கல்லுக்கு நிழல் விழும், பள்ளத்தில் இருட்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் பிரேக் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னேன். "சரி சரி" என்று பீடியைப் பற்ற வைத்தார். காதில் வாங்கவே இல்லை என்று நினைத்தேன்.

அப்பா பேச்சிமுத்து, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு வருடமாக அவருக்கும் எனக்கும் இந்த இருட்டைப் பற்றித்தான் சண்டை. "பொம்பளைப் புள்ளைய இருட்டுல மலைக்கு அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குறது?" என்பார். தூங்காமல் இருங்கள் என்பேன்.

முந்தைய வருட ஆயுத பூஜைக்கு ஆட்டோ, ஸ்பேனர், ஜாக்கி, அம்மாவின் அரிவாள்மனை, மிக்சி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். தம்பியின் கிரிக்கெட் மட்டைக்கும் வைத்தார். என் சைக்கிள் மட்டும் சுவரோரம் மொட்டையாக நின்றது.

"என் சைக்கிள் மட்டும் ஆயுதமில்லையா?" என்றேன்.

"அது வெளையாட்டுச் சாமான், தாயி."

"மட்டை என்ன, களை வெட்டுதா?"

அன்றைக்கு நான் பொரிகடலையைத் தொடவில்லை.

இந்த வருடம் கடையில் பூஜை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் சைக்கிள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் சாமி படத்தைப் பார்த்து நின்றது. ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை. சீட்டுக்குக் கீழே சந்தனம். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஒன் ஆயுதமும் இருக்கு, பாத்துக்க" என்றார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் தொடாமல் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இரண்டு வருடப் பொரியையும் சேர்த்துத் தின்றேன்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து ஓடி வந்து, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். கரட்டு உச்சிக்கு ஏறும்வரை வெளிச்சம் இருந்தது. இறங்கும்போதுதான் இரண்டு லைட்டையும் போட்டேன். ஹேண்டில்பார் லைட் பழுப்பாக, செத்த வெளிச்சமாக விழுந்தது. சார்ஜ் இறங்கிவிட்டது என்று பேட்டரியைத் திட்டினேன். சீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு லைட்டின் முன்பக்கம் எப்படித் தெரியும்? நெற்றி டார்ச் பளிச்சென்று எரிந்தது, தெரிந்த பாதை, மெதுவாக இறங்கினால் போதும் என்று விட்டேன். பாதை அழகாக, சமமாகத் தெரிந்தது. மழைத் தண்ணீர் அறுத்துப் போட்டிருந்த பள்ளம் ஒன்று அந்தச் சமத்துக்குள்ளேயே இருந்தது. முன்சக்கரம் உள்ளே போனது. நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தோளில் விழுந்தேன்.

மாடுகளைப் பத்திக்கொண்டு வந்த மலைச்சாமி என்கிறவர்தான் சத்தம் கேட்டு வந்தார். என்னை உட்கார வைத்துவிட்டுச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். அதன் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, லைட்டுக்குப் போயி இம்புட்டுப் பொட்டு வச்சிருக்கீக?"

சைக்கிளைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். லைட்டுக் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். சூட்டில் காய்ந்து ஓடாகியிருந்தது. தோள் வலி ஒரு நிமிடம் நின்றே போனது. காது அப்போதுதான் சூடானது.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார். வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"வேணும்னுதான செஞ்சீங்க? நான் போகக்கூடாதுன்னுதான செஞ்சீங்க?"

"பொட்டு வைக்கச் சொன்னது நீதான, தாயி."

"கண்ணாடியிலயா வைக்கச் சொன்னேன்?"

"வண்டிக்கு அதுதான மொகம். ஆட்டோவுக்கும் அங்கதான் வைக்கிறேன்." அவர் குரல் உடைந்தது. "மொகத்துல வைக்காம வேற எங்க வைப்பாக?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்கைப் பிடித்தவர் பிள்ளையாரை நினைத்துத்தான் பிடித்தார் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. வேண்டுமென்று செய்திருந்தால் ஆயுசுக்கும் பேசாமல் இருந்திருப்பேன். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை, "நீங்களே வந்து எனக்கு வேற தேதி கேளுங்க" என்று அவரைக் கொடைரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் கை கட்டுக்குள் தொங்கியது. ஆள் எடுக்க வந்திருந்த சைக்கிள் சங்கச் செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேற தேதி எல்லாம் கெடையாதும்மா." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "பொம்பளைப் புள்ளைய இருட்டுல மலைக்கு அனுப்புனா இப்படித்தான் ஆகும். பெத்தவுக யோசிக்க வேணாமா?"

இரண்டு வருடமாக அப்பா சொன்ன அதே வார்த்தைகள். அவர் தலையாட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இருட்டுனால விழல சார்" என்றார் அப்பா. "அவகிட்ட ரெண்டு லைட்டு இருந்துச்சு. தலையில இருக்கிறது வளைவு பாக்க. கீழ இருக்கிறது நெழலு காட்ட. நெழலு தெரிஞ்சாத்தான் பள்ளம் தெரியும். அந்த லைட்ட நான்தான் சந்தனத்தப் பூசி மறைச்சிட்டேன். தப்பு ஏம்மேல. அவ ஓட்டத் தெரிஞ்சவ."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் மனுஷன். செயலாளர் "சரிங்க" என்று விசிலை எடுத்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான். மூன்று பெண்கள் ஓட்டினார்கள். ஜெயித்தவள் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த விதத்தைப் பார்த்து, கட்டுக்குள் இருந்த என் விரல்கள் மடங்கின. அவளை நான் முந்தியிருப்பேன். இன்றைக்கும் சொல்வேன், முந்தியிருப்பேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. அப்பா ஆட்டோ லைட்டைப் போட்டார். ரோட்டில் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. டவுனுக்குள் தெருவிளக்கு இருக்கும், தெரிந்திருக்காது. இங்கே ஒன்றுமில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

"ஒரு வாரம் இருக்கட்டும் தாயி. பூசை போட்டத அழிக்கக் கூடாது."

"அழிக்காம ஓட்டுனா எதுக்க வாரவன் செத்து, அவன் நெத்தியில காசு வைக்கணும். நிறுத்துங்க."

நிறுத்தினார். நான் இறங்கி, நல்ல கையின் நகத்தால் லைட்டுக் கண்ணாடியைச் சுரண்டினேன். அவர் தண்ணீர்க் கேனை எடுத்து வந்து ஊற்றினார். சந்தனம் குழைந்து என் முழங்கையில் வழிந்தது. பிறகு என்னைத் தள்ளிவிட்டு, தோள் துண்டால் தானே தேய்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பூஜை வாரத்திலேயே அந்த ஆட்டோவுக்கு முழு வெளிச்சம் வந்தது. ரோட்டோரத்து ஜல்லிக் கற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிழல் நீண்டது.

"இப்பத் தெரியுதா?" என்றார் அப்பா.

தெரிந்தது. ஒரு கேன் தண்ணீரில் சந்தனம் எல்லாம் போய்விட்டது. என் ஞாயிறும் போய்விட்டது. நான் ஏறி உட்கார்ந்தேன்.