கட்டில் பக்கத்து மூலை

புதுசைப் பழசாக்கிக் காட்டுவதுதான் அக்காவின் பிழைப்பு. ஊர் உலகமெல்லாம் பழசைப் புதுசாக்கப் படாத பாடு படும்போது, இவளிடம் மட்டும் நேற்று அடித்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பார்த்தா பாட்டன் காலத்து நாற்காலி மாதிரி இருக்கணும்" என்பார்கள். ஓட்டல்காரர்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் பரம்பரைப் பணக்காரர்களாக ஆசைப்படுகிறவர்கள். வேலை இவ்வளவுதான்: அடியில் ஒரு நிறம் பூச வேண்டும். எங்கே தேய்ந்த மாதிரி தெரிய வேண்டுமோ அங்கே மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் இன்னொரு நிறம். காய்ந்ததும் உப்புத்தாளால் சுரண்டினால், மெழுகு பட்ட இடத்தில் மேல் பூச்சு உரிந்து அடிநிறம் எட்டிப் பார்க்கும். அவளுக்கு மரவேலை செய்துகொடுக்கும் தச்சர் அவளுக்கு 'சுரண்டல் அம்மா' என்றே பெயர் வைத்திருந்தார். அவளும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், இந்த மேசை விவகாரம் வரும் வரைக்கும்.

அம்மா போன பிறகு, உறவுக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தம்பி வாயைத் திறந்தான். "வீட்டை அக்காவே வெச்சுக்கட்டும். நகை நட்டு எதுவும் எனக்கு வேண்டாம். அம்மா கட்டில் பக்கத்துல இருக்கே, அந்தப் பச்சை மேசை, அது மட்டும் எனக்குப் போதும்."

தங்கமான பிள்ளை என்று எல்லாரும் அவனை மெச்சினார்கள். "அதுக்கென்னடா, எடுத்துக்கோ" என்றாள் அக்கா. அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் வயிறு எரிந்தது. வீடு என்பது நாலு சுவர். அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்ததும், மாத்திரையைத் தேடியதும், ராத்திரி தண்ணீர்ச் சொம்பைத் தடவி எடுத்ததும் அந்த மேசையில்தான். கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் கடைசி வரைக்கும் கூட இருந்தவள் இவள். வருஷத்துக்கு ஒரு தடவை பழக்கூடையும் கையுமாக வந்து, கூடத்தில் உட்கார்ந்து, சாயங்கால வண்டியைப் பிடித்துப் போனவன் அவன். அவனுக்கு மேசையா?

ஆகவே அவள் இன்னொரு மேசை செய்தாள்.

தச்சர் பழைய கதவுப் பலகைகளை இழைத்து அளவு மாறாமல் அடித்துக் கொடுத்தார். மூன்று இழுப்பறை, குட்டையான கால்கள். "இதே மாதிரி இன்னொண்ணு எதுக்கும்மா?" என்றார். "ஜோடி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். அப்பா ஒரு காலத்தில் அடித்த வெண்மஞ்சள், அதன் மேல் நீலம், அதற்கு மேல் பச்சை என்று அதே வரிசையில் பூசினாள். கைப்பிடிகளைச் சுற்றி மெழுகு தேய்த்தாள். சாவிக்கொத்தால் தட்டித் தட்டிப் பள்ளம் விழவைத்தாள். தம்பி பல் முளைக்கிற வயதில் கடித்த தழும்பு முன்விளிம்பில் உண்டு; அதற்கு ஒரு சின்ன இடுக்கியை வைத்து, பாதி நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். கடைசியில் கட்டில் பக்கத்து மூலை. அங்கே மட்டும் பச்சையும் போய், நீலமும் போய், மரமே தெரியும். அம்மா கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம் உள்ளங்கையை ஊன்றுகிற இடம் அது. அதைத் தேய்க்கும்போது அக்காவுக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் அச்சு அசலாக வந்துவிட்டது.

அசல் மேசை பட்டறைக்குப் போய்ப் போர்வைக்குள் பதுங்கியது. பட்டறை என்றால் தனியாக எங்கோ இல்லை, அம்மாவின் அறைக்கு அடுத்த அறைதான். நகல் அம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தது. மாட்டிக்கொண்டால் தம்பி ஜென்மத்துக்கும் இந்த வாசல்படி மிதிக்க மாட்டான். அவளை அக்கா என்று கூப்பிட இனி உலகத்தில் இருப்பது அவன் ஒருவன்தான். இது தெரிந்தேதான் செய்தாள்.

மேசையை ஏற்றிப்போக வேன் வந்து நின்றது. தம்பி இறங்கினான். கூடவே அவன் மனைவியும் இறங்கினாள். அவள் வருவாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை.

"வாங்க வாங்க. முதல்ல டீ குடிங்க."

"டீ அப்புறம் ஆகட்டும்க்கா. மேசையப் பார்த்துடறேன்" என்று தம்பி நேராக அம்மாவின் அறைக்குப் போனான்.

போனவன் மேசை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அவன் விரல் நேராக முன்விளிம்புக்குப் போய், தடவி, நின்றது.

"இங்க பாரு, என் பல்லு!" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

"அடேயப்பா, அப்பவே மரத்தைத் தின்னிருக்கீங்க" என்றாள் அவள். "இதை வெக்கத்தான் பெட்ரூம்ல இருக்கற நல்ல அலமாரியத் தூக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களா?"

அக்காவும் சிரித்தாள். சிரிப்பு சரியாக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பி இரண்டாவது இழுப்பறையை இழுத்தான். அது சிக்கியது. கொஞ்சம் தூக்கி இழுத்தான், வந்தது. சிக்கத்தான் வேண்டும் என்று அவள் ஒரு பக்கம் சீவி வைத்திருந்தாள். அவன் தலையைக் குனிந்து உள்ளே முகர்ந்தான். அம்மாவின் தைலத்தை ஒரு துணியில் நனைத்து ஒரு வாரம் உள்ளே போட்டு வைத்திருந்தாள். அவன் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு வெற்றியாகவும் இருந்தது, தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அதற்குள் தம்பி மனைவியைக் காணோம். எட்டிப் பார்த்தால், அவள் பட்டறைக் கதவில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போகாதம்மா! பெயிண்ட் காயல. துணி பாழாயிடும்."

"பரவால்ல அண்ணி, ஓரமா நின்னு பார்க்கறேன். நீங்க எப்படிப் பண்றீங்கன்னு பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"ஒரே நெடி. தலை சுத்தும். வா, நீ வந்து டீக்குத் தண்ணி வை" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை அடுப்பங்கரைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தாள்.

தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகம் மாறியிருந்தது. அவன் கை கட்டில் பக்கத்து மூலையில் இருந்தது.

"என்னக்கா இது?"

"எது?"

"இந்த மூலை. இது இப்படி இல்லியே. நான் இந்த வீட்ல இருந்தவரைக்கும் இங்க பச்சை பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் வந்தப்பல்லாம் இது மேல துணியும் மருந்துமா குவிஞ்சு கிடக்கும், நான் பார்க்கல." அவன் குரல் உயர்ந்தது. "நீ சுரண்டியிருக்க. உன் தொழில் புத்திய அம்மா மேசையிலயும் காட்டிட்ட. அழகு பண்றேன்னு கெடுத்து வெச்சிருக்க."

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் மேசையைச் சந்தேகப்படவில்லை. பல் தழும்பை நம்பிவிட்டான், இழுப்பறையை நம்பிவிட்டான், வாசனையை நம்பிவிட்டான். எல்லாப் பொய்யையும் நம்பிவிட்டு, உள்ளதிலேயே உண்மையான ஒன்றைப் பொய் என்கிறான்.

ஆமாம்டா, புத்தி கெட்டுப்போய்ச் சுரண்டிட்டேன், மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவன் கொஞ்சம் திட்டுவான். பிறகு மேசையை வேனில் ஏற்றுவான். அசல் அவளுக்கு, தம்பியும் அவளுக்கு. அவள் வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அந்த ஆமாம் வெளியே வரவில்லை. அம்மா வலியோடு ஊன்றி ஊன்றித் தேய்த்த இடத்தை, நான் உப்புத்தாளால் அழகுக்குச் சுரண்டினேன் என்று எப்படிச் சொல்வது?

"நான் சுரண்டினேனா?" என்றாள். "உனக்கு என்னடா தெரியும்? கடைசி காலத்துல நீ இங்க இருந்தியா? வாடா, வந்து பாரு!"

கோபம் வந்தால் அவளுக்குக் கண் மண் தெரியாது. அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று பட்டறைக்கு இழுத்துப்போனாள். போர்வையை ஒரே உருவாக உருவினாள்.

தேநீர்க் குவளைகளோடு பின்னால் வந்த தம்பி மனைவி, "அண்ணி, ரெண்டா இருக்கு?" என்றாள். பிறகு அவளுக்கே விஷயம் விளங்கி, குவளைகளைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அக்கா கொட்டித் தீர்த்தாள். "ஆமா, அங்க இருக்கறது நான் பண்ணினது. உன்ன ஏமாத்தத்தான் பண்ணினேன். இதுதான் அம்மா மேசை. மூலையத் தொட்டுப் பாரு. இது உப்புத்தாள் தேச்சதா? அம்மாவுக்கு முழங்கால் போயிடுச்சு. எழும்போதெல்லாம் இங்கதான் கைய ஊனுவாங்க. காலைல, மத்தியானம், ராத்திரி. ஊனி ஊனி மரமே குழிஞ்சு போச்சு. நீ பழம் வாங்கிட்டு வந்து கூடத்துல உட்கார்ந்துட்டுப் போயிடுவ. நான் பார்த்தேன். நான் இருந்தேன்."

தம்பி கத்துவான், கதவைச் சாத்திக்கொண்டு போவான் என்று காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. அந்த மூலையில் உள்ளங்கையை வைத்தான். மரம் வழவழவென்று பள்ளமாக, எண்ணெய்ப்பசை ஏறிக் கறுத்திருந்தது. கை அதில் சரியாகப் பொருந்தியது. பாரத்தைக் கொடுத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"இவ்வளவு குழிய எத்தனை தடவை ஊனியிருக்கணும்?" என்றான் மெதுவாக. "நான் இல்ல. சரி. வராதது என் தப்பு." பிறகு அவளைப் பார்த்தான். "நீ இருந்தியேக்கா. நீ இருந்துமா அம்மா மேசையப் புடிச்சுட்டு எழுந்தாங்க?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா கூப்பிடுவாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பேரைச் சொல்லி, சத்தம் போடாமல்தான் கூப்பிடுவாள். இவள் இங்கே நின்று ஏதாவது ஒரு நாற்காலியைப் பழசாக்கிக்கொண்டிருப்பாள். "கையெல்லாம் பெயிண்ட்டும்மா, இதோ வரேன்" என்பாள். அப்புறம் கட்டில் கிரீச்சிடும். அம்மாவே எழுந்துவிட்டாள் என்று தெரியும். பிடிவாதக்காரி, யார் கையையும் எதிர்பார்க்க மாட்டாள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தேய்ப்பாள். இதில் எதைத் தம்பியிடம் சொல்வது?

"இத நீ எடுத்துட்டுப் போடா" என்றாள் கடைசியில். "உனக்குன்னு சொன்னதுதான். எடுத்துக்கோ."

தம்பி கையை மூலையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"வேண்டாம்க்கா. இதப் பக்கத்துல வெச்சுட்டு என்னால தூங்க முடியாது. நீ பண்ணினதே எனக்குப் போதும்."

அவனும் டிரைவரும் நகலைத் தூக்கிப்போய் வேனில் ஏற்றினார்கள். தம்பி மனைவி, "வரோம் அண்ணி" என்றாள், முகத்தைப் பார்க்காமல். தம்பி ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, "போன் பண்றேன்க்கா" என்றான். பண்ணுவான் என்றுதான் தோன்றியது.

எந்த மேசை போக வேண்டும் என்று அவள் திட்டம் போட்டாளோ அந்த மேசைதான் போயிற்று. எது தனக்கு வேண்டும் என்று இத்தனை பாடுபட்டாளோ அது பட்டறை நடுவே, போர்வை இல்லாமல் நின்றது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறை வாசல் வரை வந்தாள். உள்ளே கட்டிலருகே காலியான இடத்தைப் பார்த்தாள். திரும்பித் தான் படுக்கிற அறையைப் பார்த்தாள். பிறகு மேசையை நடையிலேயே இறக்கிவைத்தாள். அதை எந்த அறையில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.