வருடத்துக்கு எட்டு மில்லிமீட்டர்

ஐஸ்லாந்தின் தெற்கே நிலம் இரண்டு கோடுகளில் பிளந்து விலகுகிறது. ஒன்றுக்கு மேற்கே அமெரிக்கத் தட்டு, மற்றதற்குக் கிழக்கே ஐரோப்பியத் தட்டு. நடுவில் சிக்கிய ஹ்ரெப்பர் என்ற பொடித் தட்டு, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டும் மாவு போலத் திரும்புகிறது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. வருடத்துக்கு எட்டு மில்லிமீட்டர் நகருகிறது என்று அடித்துச் சொன்னவர் பேராசிரியர் ஈஸ்லீவுர் ஒருவர்தான். ஒன்றிரண்டுக்கு மேல் இருக்காது என்றவர்களை அவர் ஆள் வைக்காத குறையாகத் திட்டி எழுதியிருந்தார்.

அவருடைய ஆதாரம், டாக்பியார்ட்டுர் என்ற விவசாயியின் பண்ணையில், ஆட்டுப்பட்டி அருகே ஒரு பித்தளை ஆணி. பன்னிரண்டு வருடம் முன்பு, பனிக்காற்றில் பல் கிட்டித்துப்போய், பனிக்கு மேலே தலைநீட்டிய பாறையில் அவசரமாகத் துளைபோட்டு இறக்கியது. அப்புறம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. ஆகஸ்டு தோறும் ஒரு மாணவன் போய் அளந்து எண்ணை அனுப்புவான். இவர் கதகதப்பான அறையில் உட்கார்ந்து கோடு போடுவார்.

இன்று, மறுத்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஆணியைப் பார்க்கப் பேருந்தில் வருகிறார்கள். நம்பினால் அவருடைய எண் பாடநூலில் ஏறும். இல்லாவிட்டால் மானம் கப்பலேறும்.

ஈஸ்லீவுர் கொஞ்சம் முன்னதாகவே வந்து இறங்கினார். கோடையெல்லாம் மலையில் மேய்ந்த ஆடுகளை இறக்கி, அவரவர் ஆட்டைப் பிரிக்கும் நாள் அது. வேலை முடிந்து, பாதி வட்டாரம் பட்டிச் சுவரில் ஏறி, குடித்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தது. டாக்பியார்ட்டுர் ஒரு பெரிய கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றான். கல்லின் உச்சியில் பித்தளை ஆணி மின்னியது.

ஈஸ்லீவுர் பட்டியை நோக்கி ஓடினார். "என்ன பண்ற நீ?"

"கல்லு தூக்குறேன். ஆடு பிரிச்சா பலம் காட்ட இதத் தூக்குறதுதானே. நீ ஆணி அடிச்சதுலேருந்து பிடிக்க வாகா இருக்கு."

"வருஷா வருஷமா?"

"பின்ன?"

"திரும்ப அதே எடத்துலதான வெப்பீங்க?"

"அதே குழிதான். காத்து முதுகுல தள்ளும், குடிச்சிருப்போம். கிழக்கால ஒரு பொட்டு நகரும். கல்லுதானே, யாரு கேக்கப்போறா?"

பன்னிரண்டு வருடம் இந்தக் குடிகாரர்களின் தள்ளாட்டத்தை அளந்திருக்கிறோமே என்று அவருக்கு அழுகை முட்டியது. தப்பு என் பேரில்தான் என்று இறங்கி வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம். வளைவில் பேருந்தின் ஹார்ன் கேட்டது.

"சட்டுனு சொல்லு, இடுப்பு போகுது. எங்க வெக்க?"

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்து, குழி ஓரம் மண்டியிட்டார்.

"பழைய தடத்துலேருந்து கிழக்கால, எட்டு மில்லிமீட்டர்."

டாக்பியார்ட்டுர் பார்த்துப் பார்த்து இறக்கினான். கையைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"அடுத்த வருஷமும் நீயே வந்துடு. நாங்க குத்துமதிப்பாத்தான் வெப்போம்."