நான் அறுத்த நரம்பு

மேசையில் கிடந்த சடலத்தின் வலது அக்குளைத் திறந்து பார்த்தபோது அந்த நரம்பு இல்லை. தோளிலிருந்து இறங்கும் வழியில் ஒரு தசையைத் துளைத்துக்கொண்டு போகும் என்று புத்தகம் சொன்ன நரம்பு. கொழுப்பை வழித்துச் சுத்தம் செய்தவள் நான். ஆகவே அறுத்தவளும் நான்தான். என் மனம் அப்படித்தான் ஓடும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நான் பார்த்ததால்தான் வழிந்தது என்று நினைப்பவள்.

உடற்கூறு வகுப்பில் நரம்பை அறுத்தவர்களை மதுமதி மேடம் திட்டுவதில்லை. உனக்கு மருந்து எழுதுகிற வேலை போதும் என்பார். அறுவை மருத்துவராகும் ஆசையோடு பாம்பன் மீனவர் வீட்டிலிருந்து வந்த எனக்கு அதைவிடப் பெரிய சாபம் கிடையாது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தட்டில் கிடந்த நரம்புத் துண்டு ஒன்றைத் தசைக்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் வெள்ளை நூலால் கட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

மறுநாள் மேடம் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. உதவியாளர் இருளாண்டி அண்ணனை விளக்குப் பிடிக்கச் சொன்னார். அண்ணன் முன்பு தனுஷ்கோடியில் கரைவலை இழுத்தவர்.

"இது வலைக்குப் போடுற முடிச்சாச்சே மேடம்," என்றார்.

என் மேசைத் தோழன் ஷாகிர் கீழக்கரைக்காரன். தனக்கு ஷூ லேஸே கட்ட வராது என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் மேடம் அறுத்தேன்."

மேடம் முடிச்சுகளை அவிழ்த்தார். பக்கத்து நரம்பை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். அதிலிருந்து இரண்டு மெல்லிய கிளைகள் பிரிந்து நேரே தசைக்குள் போயின. வெட்டுப்பட்ட முனை எங்கேயும் இல்லை. சிலருக்கு அந்த நரம்பு தனியாக உருவாவதே இல்லை, அதன் வேலையையும் இதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். இந்த மனிதர் அப்படியே ஆயுள் முழுக்கக் கை மடக்கிச் சோறு தின்றிருக்கிறார்.

"நீ எதையும் அறுக்கல, வீரலட்சுமி. பதமா எடுத்ததாலதான் இந்தக் கிளை ரெண்டும் தப்பிச்சிருக்கு. இல்லாத நரம்பை எதுக்குத் தைச்ச?"

செய்யாத தப்பை மறைக்கப் போய் ஒரு தப்பைச் செய்திருந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்டனை சொன்னார்: மற்ற மேசைக்காரர்கள் எல்லோருக்கும் இதை நான் காட்டி விளக்க வேண்டும், தைத்ததையும் விடாமல் சொல்ல வேண்டும். முதல் குழுவிடம் சொல்லும்போது காது சுட்டது. நான்காவது குழு வந்தபோது தைத்த கதையிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

முடித்ததும் மேடம் கத்தியை நீட்டினார்.

"இடது பக்கத்தையும் நீயே திற. அங்க எப்படி இருக்குன்னு பாப்போம்."

கத்தியை வாங்கிக்கொண்டு இடது பக்கம் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை, பயத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.