பெரிய மரத்தடி மண்

மாமரம் பிழைக்காது என்று மம்மியிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாளாய் இதே யோசனை. அடையாறில் ஓர் ஆய்வகத்தில் மண்ணிலுள்ள பூஞ்சைகளை ஆராய்வதுதான் என் வேலை. எவர் வீட்டு மரம் வாடினாலும் வாய் கிழியப் பேசுவேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டு மரம் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அது அப்பா ஓய்வு பெற்ற வருடம் நட்ட மரம். அவர் போய் நான்கு வருடமாகிறது. மம்மி காலையில் காபியோடு அதன் கீழே உட்காருவாள். அப்பா எதிரிலேயே இருப்பதுபோல் ‘வால்டர்’ என்று பேர் சொல்லி, அன்றைய சண்டையைப் போட்டு முடித்த பிறகுதான் மாதா கோயில் பூசைக்குக் கிளம்புவாள்.

போன மாதம் இலைகள் கொத்துக் கொத்தாய்க் கொட்டின. அடிமரத்தில் பழுப்பாய்த் தட்டுக் காளான் முளைத்திருந்தது. வேரடி மண்ணைச் சோதித்தேன். நல்ல மரத்தின் வேரில் நட்பான பூஞ்சைகள் குடியிருக்கும். மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும், அவை மரத்துக்குச் சத்து தேடித் தரும். மரம் நோயில் விழுந்தால் கொடுக்க எதுவுமிருக்காது, அவையும் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகும். காலியான இடத்தில் அழுகல் தின்னும் கூட்டம் வந்து கும்மாளமிடும். எங்கள் மண்ணில் கும்மாளம் மட்டும்தான் மிச்சம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

"மம்மி, வெட்டித்தான் ஆவணும். வேர் பூரா அழுகிப்போச்சு."

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னாடி சொல்றே? நீ சொன்ன மாதிரி வருஷா வருஷம் மண்ணு போட்டேனே!"

"என்ன மண்ணு?"

"நீதானேடி சொன்னே, பெரிய மரத்தடி மண்ணுல நல்ல பூஞ்சை இருக்கும், ஒரு கைப்பிடி போட்டா சின்ன மரம் ஜோரா வரும்னு. கல்லறைத் திருநாளுக்குப் போறப்பல்லாம் அப்பா பக்கத்துல இருந்த தூங்குமூஞ்சி மரத்தடிலேர்ந்து அள்ளியாந்து போட்டேன். அப்பா இருக்கிற மண்ணாச்சே."

சொன்னேன்தான். கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்றுகொண்டே அளந்துவிட்டது. நோயில்லாத மரமாய்ப் பார்த்து எடுக்கணும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தத் தூங்குமூஞ்சி போன மழையில் வேரோடு சாய்ந்தது. அதன் அடியிலும் இதே தட்டுக் காளான் இருந்தது. பார்த்திருக்கிறேன். மெழுகுவத்தி ஏற்றும் அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். என் மேல் எனக்கே வெறுப்பாய் இருந்தது.

"அந்த மரத்துக்கும் இதே நோய் மம்மி. மண்ணு வழியா வந்திருக்கு. தப்பு என்னுதுதான்."

மம்மி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாய் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ரெனி, நம்ம அன்பியத்துல..."

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபம் சொல்லும் குழு அது.

"அவங்களுக்கு இன்னா?"

"ஆளுக்கு ஒரு பை அந்த மண்ணு குடுத்தேன்டி. வெரோனிகா வீட்டு வேம்பு, லாய்டு வீட்டுத் தென்னை, எல்லாத்துக்கும்."

"எத்தனை வீடு மம்மி?"

"பதினெட்டு. எங்க ரெனி படிச்சுச் சொன்னதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல."