பால் பவுடர் சம்பந்தம்

என் புருஷனுடைய அக்காவின் பெயரை நான் சொல்ல மாட்டேன். எங்கள் கிர்கிஸ் வீடுகளில் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அவர்களை எதிர்த்தும் பேசக் கூடாது. பெயர் சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மற்றதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து தொண்டையில் நிற்கிறது.

புருஷன் மக்ஸத் சிகாகோவில் யாரோ ஒருவனுடைய ஓட்டை லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையை அதுவரை போனில்தான் பார்த்திருந்தான். விசா வந்ததும் நானும் ஐந்து மாதக் குழந்தை எல்டியாரும் பிஷ்கெக்கிலிருந்து கிளம்பினோம். "பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு இவ தனியா எப்படிப் போவா?" என்று அக்கா தன்னைத் தானே துணைக்கு நியமித்துக்கொண்டார். விசாவும் அவருக்குத்தான் முதலில் கிடைத்தது. என் நேரம் அப்படி.

பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. எல்டியாருக்கு டப்பாப் பால்தான். மாட்டுப்பால் கூடாது, வேறு எதுவும் இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் பவுடரை அளந்து போட்டேன். விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று தனியாக ஒரு டின் வேறு. என் துணிமணிகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதைத்தான் பையில் வைத்தேன்.

அக்காவின் பையில் குதிரைக்கறி, உலர்ந்த தயிர் உருண்டை, துணியில் சுற்றிய ஆட்டு வால் கொழுப்பு. கொழுப்பு எல்டியார் சப்புவதற்காம். "உன் டாக்டர் பொறக்கறதுக்கு முன்னாலயே எங்க குடும்பத்துல கொழுப்புச் சப்பி வளந்தவங்கதான் எல்லாரும்" என்றார். வளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் பயந்தேன்.

பிஷ்கெக் விமான நிலையத்தில் பை சோதிக்கிற பையன் கலக்கி வைத்த பால் புட்டியை எடுத்தான். "இது என்ன?"

"குழந்தைக்குப் பால்."

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

மூடியில் ஊற்றிக் குடித்துக் காட்டினேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் திறந்த சாப்பாட்டை எல்லாரும் ஒரு வாயாவது தொட வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அது அக்காவுக்கு இப்போதுதானா நினைவுக்கு வர வேண்டும்?

"அவ மட்டும் குடிச்சா எப்படி?" என்று அவர் ஒரு மூடி குடித்தார். அடுத்த மூடியைப் பையனிடம் நீட்டினார். "நீயும் ஒரு வாய் தொட்டுக்க தம்பி."

"வேலையில இருக்கேன் அக்கா."

"வேலையில இருந்தா வாய் இருக்காதா?"

அவனும் நம் ஊர்ப் பிள்ளைதானே, குடித்தான். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தான். புட்டியில் பாதி காலி. நான் சிரித்துக்கொண்டு நின்றேன், மடச்சி.

இஸ்தான்புல்லில் விமானம் மாறினோம். அங்கிருந்துதான் நீண்ட பயணம். எங்களுக்கு அடுத்து, நடைபாதைக்கு அந்தப் பக்கம், சகின்பாய் என்று ஒருவர். அவர் மனைவி பெர்மெத். அவள் மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை. நம் ஊர்க்காரர்கள்தான். சிகாகோவில் சகின்பாய்க்குச் சொந்தமாக லாரி கம்பெனி இருக்கிறது என்று தெரிந்ததும் அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"உங்க பொண்ணு மூக்கப் பாத்தாலே தெரியுது தம்பி, பெரிய இடத்துப் பொண்ணுன்னு. எங்க பையனும் சிங்கம். தொட்டில்லயே பேசி வைக்கறது நமக்கு ஒண்ணும் புதுசில்லியே?"

"பேசிட்டாப் போச்சு சம்பந்தி" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பெர்மெத் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

முந்தின நாள் முழுக்கத் தூங்காததால் எனக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. எல்டியார் தூங்கியதும் நானும் தூங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து டீ வந்திருக்கிறது, பால் இல்லாமல். எங்களுக்கு டீ என்றால் பால் டீதான். அதிலும் சம்பந்தியாகப் போகிறவருக்குக் கறுப்புத் தண்ணியா கொடுப்பது?

நான் கண் விழித்தபோது முன் வரிசை, பின் வரிசை, எதிர் வரிசை எல்லார் கையிலும் காகிதக் கப். எல்லாவற்றிலும் வெள்ளை டீ. சின்ன டப்பாக்கள் காலியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. டின் அக்காவின் மடியில். கையில் கரண்டி.

"அக்கா, அது புள்ளையோட பால்."

"புள்ளை தூங்குதில்ல. மனுஷங்க டீயக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்ப டின்ன மூடி வைக்கச் சொல்றியா? நாளைக்கு நம்மளப் பத்தி என்ன பேசுவாங்க?"

"சம்பந்தி கைமணமே தனி. மூணாவது கப்பு குடிக்கிறேன்" என்றார் சகின்பாய். பின் வரிசையில் ஒரு தொப்பைக்காரர் கப்பை நக்காத குறை.

டின்னின் அடியைச் சுரண்டினேன். தண்ணிப் பாலாக அரைப் புட்டி தேறியது. எல்டியார் எழுந்து ஒரே மூச்சில் அதைக் குடித்தான். பிறகு காலி ரப்பரைச் சப்பினான். பிறகு அழ ஆரம்பித்தான். இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை. பணிப்பெண்ணைக் கேட்டேன். இந்த விமானத்தில் குழந்தைப் பால் இல்லையாம். பாவம், காப்பியில் ஊற்றுகிற பால் பாக்கெட்டும் ஆரஞ்சு ஜூஸும் கொண்டுவந்து நின்றாள்.

அழுகை ஏறிக்கொண்டே போனது. தொப்பைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பசி போலிருக்கு. எதையாவது குடேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்ததைக் கக்கு, கொடுக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அக்கா கொழுப்பை எடுத்து அவன் வாயில் வைத்தார். அவனுக்குப் புரையேறியது. இருமினான், முகம் கன்றிச் சிவந்தது, அழுகை கீச்சென்று மெலிந்தது. சிகாகோ வரை இவன் தாங்க மாட்டான் என்று பயந்துபோனேன்.

பெர்மெத் நடைபாதைக்கு மேலே கையை நீட்டினாள். "இங்க குடுங்க. எனக்குப் பால் இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அக்கா தன் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். "வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"ஏனா? உன் பாலக் குடிச்சா அவன் உனக்குப் புள்ளை. உன் பொண்ணுக்கு அண்ணன். அப்புறம் கல்யாணம் எப்படிம்மா பண்றது?"

"புள்ளை பசியில துடிக்குது" என்றாள் பெர்மெத்.

"ஆம்பளப் புள்ளை, கொஞ்ச நேரம் அழுதா ஒண்ணும் ஆயிடாது. நெஞ்சு பலப்படும்." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஆயுசுக்கும் சோறு போடற சம்பந்தம்டி. என் தம்பி அடுத்தவன் லாரியிலயே கிழவனாகணுமா?"

சகின்பாய் கையில் கப்போடு தலையை ஆட்டினார். "அவங்க சொல்றதும் நியாயம்தான். இறங்கின உடனே நல்ல பாலா வாங்கிடலாமே." மீசையில் என் பிள்ளையின் பால் ஒட்டியிருந்தது.

"கைய எடுங்க அக்கா" என்றேன்.

"என்ன?"

"கைய எடுங்கன்னு சொன்னேன். அவனுக்குப் பசி இன்னைக்கு. கல்யாணம் பொறுக்கும்."

"என்னையே எதுத்துப் பேசறியா?"

"ஆமா. எதுத்துத்தான் பேசறேன். உங்க மரியாதைக்கு டீ போட எம்புள்ள வயித்தத்தானா கரண்டி போட்டு அள்ளணும்?"

வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் கையைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தேன். பெர்மெத் தன் மகளைப் புருஷன் மடியில் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அழுகை நின்றது. அவன் மடக்மடக்கென்று விழுங்குகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா கொழுப்பைத் துணியில் சுற்றிப் பைக்குள் திணித்தார். அவர் அப்படியெல்லாம் விடுகிற ஆளா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு சகின்பாய் பக்கம் சாய்ந்தார்.

"போகட்டும் தம்பி. இதோட நின்னுடப் போறீங்களா என்ன? அடுத்ததும் பொண்ணாப் பொறந்தா, அதைப் பேசி வைப்போம்."

பதில் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. பெர்மெத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே நான் எத்தனை பெத்தாலும் அத்தனையும் இவனுக்குத் தங்கச்சிதான் அக்கா. உங்க வீட்டுக்கு என் வயித்துலேருந்து ஒருத்தியும் வரமாட்டா."

சொல்லிவிட்டு, என் மகனை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.