படர்க்கையில் ஓர் ஆயில் ஃபில்டர்

1

இது என் நண்பர் ஒருவருக்கு நடந்த கதை. (அடித்துவிட்டேன். 'நண்பர் ஒருவருக்கு' என்று ஆரம்பிக்கிற எழுத்தாளனை நீங்கள் நம்புவதில்லை. நானும் நம்புவதில்லை.) நடந்தது என் வீட்டு வாசலில், என் மனைவியின் காருக்கு. ஆனாலும் கதாநாயகனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். படர்க்கையில் எழுதினால் கலையழகு கூடும் என்று ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. நிஜக் காரணம் வேறு. கொஞ்சம் பொறுங்கள், தானே தெரிந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: "என்ஜினின் கறுத்த ரத்தம் தட்டில் சொட்டிய அந்தக் காலையில்" வேண்டாம். ஆயில் ஆயில்தான்.

இரண்டாம் தொடக்கம்: அவன் எழுத்தாளன். அவன் மனைவி நர்ஸ். தினமும் நாற்பது கிலோமீட்டர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவள். அந்தக் காருக்கு வாங்கிய நாளிலிருந்து ஆயில் மாற்றிவந்தவர் அவளுடைய அண்ணன். அவனுக்கு மச்சான், தொழில் மெக்கானிக். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், மச்சானை வைத்துக்கொண்டே, ஆயில் மாற்றுவதெல்லாம் ஒரு வித்தையா, நானே செய்கிறேன் என்று அவன் பீற்றிக்கொண்டான். இரண்டு வீடியோ பார்த்திருந்தான்.

மச்சான் சிரிக்கவில்லை. மறுநாளே ஆயிலும் புது ஃபில்டரும் கொண்டுவந்து கொடுத்து, பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அதைப் பார்த்து எடுத்துவிட வேண்டும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும்.

(மச்சானை வில்லனாக்க மூன்று பிரதிகளில் முயன்றேன். ஒன்றில் குடிகாரர், ஒன்றில் கஞ்சர், ஒன்றில் போலிச் சரக்கு விற்பவர். மனிதர் எதற்கும் ஒத்துழைக்கவில்லை. நல்லவர்களை வைத்துக் கதை எழுதுவது பெரிய தலைவலி.)

3

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காருக்கு அடியில் நுழைந்தான். வடிகால் நட்டைக் கழற்றினான். ஆயில் தட்டிலும் முழங்கையிலும் சமமாக வடிந்தது. அதுவரை சரி. ஃபில்டர்தான் அசைய மறுத்தது. ரெஞ்ச் வழுக்கி வழுக்கி, தகரம் முழுக்கக் கீறல். ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றான். மச்சானுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்து கழற்றிக் கொடுத்திருப்பார். போட்டால் கௌரவம் என்ன ஆவது?

பழைய துணியைப் பெட்ரோலில் நனைத்தான். பழைய ஃபில்டரைப் பளபளவென்று துடைத்தான். வடிகால் நட்டைத் திரும்ப மாட்டி, புது ஆயிலை ஊற்றினான். அளவுக்கம்பியை உருவிப் பார்த்து, பெரிய நிபுணன் மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொண்டான். மனைவியிடம் "மாத்தியாச்சு" என்றான்.*

கதைகளில் பூசி மெழுகுவது அவனுக்குக் கைவந்த கலை. என்ஜினில் அதுதான் முதல் தடவை.

* புது ஃபில்டர் அட்டைப்பெட்டியோடு அகராதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வீட்டில் அகராதியைத் தொடுகிறவன் நான் ஒருவன்தான். அதாவது, அவன்.

4

சில மாதம் கழித்து, அவள் டியூட்டிக்குப் போகும்போது, பாலத்தின் நடுவில் கடகடவென்று சத்தம் போட்டு என்ஜின் நின்றது. மச்சான் வந்து காரை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போனார். அடியில் படுத்துப் பார்த்தார். ஃபில்டரில் இருந்த கீறல்களை விரலால் தடவினார். வெளியே வந்து அவனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

"நான் குடுத்த ஃபில்டர் மட்டம்மா," என்றார் தங்கையிடம். "என் தப்புதான்."

"உன்னை நம்பித்தானே அண்ணே தினம் ஓட்டுறேன். பின்னாடி லாரி வந்திருந்தா?"

அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவள், நான்கு மாதமாக அண்ணனோடு பேசவில்லை. அப்பா அம்மா இல்லாதவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். தங்கையின் புருஷன் தலை குனியக் கூடாது என்று அந்த மனிதர் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

5

முடிவு அ: மச்சான் வேறு ஊருக்குக் குடிபோகிறார், விஷயம் மறந்துபோகிறது. (எனக்குப் பிடித்தது.)

முடிவு ஆ: அவன் உருக்கமாக ஒரு கடிதம் எழுதி, அதை

முடிவு இ: காரை விற்றுவிடுகிறார்கள்.

6

என் முதல் வாசகி என் மனைவி. ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தருவாள். இதுவரை எழுதியதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். என் வீரம் அவ்வளவுதான்.

திரும்பி வந்து பார்த்தால், ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. 'துடைத்தான்' என்பதில் 'தான்' அடிக்கப்பட்டு, மேலே 'தேன்' என்று இருந்தது. 'ஊற்றினான்' ஊற்றினேன் ஆகியிருந்தது. 'பீற்றிக்கொண்டான்' தொடங்கி ஒன்றையும் விடவில்லை. முடிவுகள் மூன்றின் குறுக்கேயும் ஒரே கோடு. (நீங்கள் மேலே படித்தது திருத்தத்துக்கு முந்தைய பிரதி.)

"தன்மை, படர்க்கை எல்லாம் ஸ்கூல்லயே சொல்லிக்குடுத்திருப்பாங்களே," என்றாள். குரல் உயரவே இல்லை. கண்கள் சிவந்திருந்தன.

அண்ணனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை எனக்கு முன்னால் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பாப்பா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"பாப்பா, நீதானா? பேசும்மா."

முடிவை உங்கள் தலையில் கட்டிவிட்டுக் கம்பி நீட்டலாம் என்பதுதான், வாசகரே, ஆரம்பத்திலிருந்தே என் திட்டம். அவள் விடுவதாக இல்லை. போனை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறாள்.